தோளில் கிழிந்த கோட்டு

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நான் இரண்டு சோடிச் சப்பாத்துகள் வைத்திருந்தேன். ஒன்றுக்கு மெல்லிய ரப்பர் அடி, பலகைத் தரையில் ஓடுவதற்கு. மற்றதற்குப் பல் வெட்டிய தடித்த அடி, தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஓடுவதற்கு. மழைக்காலத்தில் உள்ளே, வெயில் காலத்தில் வெளியே. எந்த நாளில் சப்பாத்தை மாற்றுவது என்று நானும் என் மனைவியின் தம்பியும் ஒவ்வொரு வருடமும் சண்டை பிடிப்போம். இரண்டரை வருடங்களுக்கு முன், தை மாதக் கடைசியில், அந்தச் சண்டையில் நான் வென்றேன். அவன் இறந்தான். குளவி கொட்டி இறந்தான் என்று ஊர் சொன்னது. அது உண்மைதான். ஆனால் குளவி ஏன் கொட்டியது, அவன் ஏன் தப்பவில்லை என்பதை நான் மாற்றிச் சொன்னேன். அதை இங்கே திருத்தி எழுதுகிறேன்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் கூவினால் காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாட்களில் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். மனைவியின் தம்பி, என் மச்சான், அதே தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். ஃபெக்டரியை மூடிவிட்டுக் கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, வெறுங்கட்டடத்துக்குக் காவலாக அவனிடம் சாவியைக் கொடுத்து வைத்தார்கள். மனைவியை இழந்தவன். பிள்ளைகள் கொழும்பில். மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

இருவருக்கும் ஒரே கிளினிக்கில் ஒரே மாதத்தில் சீனி வியாதி என்று சொன்னார்கள். டொக்டர் நடக்கத்தான் சொன்னார். பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் நான் நானூறு மீட்டர் ஓடியவன். நடப்பது எனக்குக் கேவலமாகப் பட்டது. ஓடுவோம் என்றேன். அவனும் வந்தான். நான் சொன்னால் வந்துவிடுவான்.

வைகாசியில் மழை இறங்கினால் எங்கள் ரோடு ஓடையாகிவிடும். மண் சரியும், அட்டை விரலிடுக்கில் ஏறும். அப்போது ஓடுவதற்கு இருந்த ஒரே இடம் அந்த ஃபெக்டரியின் மேல்மாடி. ஒரு காலத்தில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டிய மாடி அது. வாட்டுத் தொட்டிகளையெல்லாம் பழைய இரும்புக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது நீளமான பலகைத் தரையும் இரண்டு வரிசை மரத்தூண்களும்தான். என் காலால் எட்டு வைத்தால் எண்பத்து நான்கு. அதற்கு மேல் சுவர். திரும்பி மறுபடி எண்பத்து நான்கு. தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் ஓடுபவன் மூச்சுவாங்குவதுகூடக் கேட்காது.

அவனுக்கு அது பிடித்திருந்தது. "மழ இல்ல, அட்ட இல்ல, நாய் இல்ல. இதுக்கு மேல என்னாங்க வேணும் மச்சான்?" என்பான்.

"கூண்டுக்குள்ள எலி ஓடுற மாதிரி இருக்குடா மாப்ள."

"ஓடுறதுனாலதாங்க எலிக்குச் சீனி வரல."

நான் கோபக்காரன். பாடசாலையில் பிரம்பு முறியும்வரை அடித்திருக்கிறேன். ஒரு மாணவனின் காதில் அறைந்தேன். அவன் அதன்பிறகு யார் கூப்பிட்டாலும் மறுபக்கக் காதைத் திருப்பித்தான் கேட்டான். அவனுடைய தகப்பன் என்னிடம் வந்து, "இன்னும் ரெண்டு போடுங்க சார், அப்பத்தான் படிப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வேலை இல்லை. எதிர்த்துப் பேசாத ஆள் என்று மிஞ்சியவன் இவன் ஒருவன்தான்.

கடைசியாக நாங்கள் சேர்ந்து ஓடிய வருடம் மழை விடவேயில்லை. வைகாசியில் உள்ளே போனவர்கள் மார்கழியிலும் உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சுவரண்டை திரும்பும்போது அவன் என் குதிகாலை மிதித்துவிட்டான். தெரியாமல் மிதித்தான். நான் இரண்டு கையாலும் அவன் முதுகில் தள்ளினேன். முகம் தூணில் மோதியது. முன்பல்லில் பாதி உடைந்து பலகையில் தெறித்தது. தூணில் ரத்தம் இழுபட்டிருந்தது. அவன் குனிந்து பல்லைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு, "இன்னும் பத்துத் தடவ பாக்கி இருக்குங்க" என்றான். நாங்கள் அந்தப் பத்துத் தடவையையும் ஓடி முடித்தோம்.

வீட்டில் அக்காவிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். அவள் அவனுடைய வாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பிட்டுச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தேன்.

அவனிடம் இருந்த ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஃபெக்டரி ஆட்களுக்கு ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு. ரோதை என்பது இயந்திரத்தின் சக்கரம். சக்கரம் ஆளை இழுத்துக்கொள்ளாமல் காக்கிற சாமி. இயந்திரங்கள் போன பிறகும் அவன் அந்தக் கல்லுக்கு விளக்கு வைத்துவந்தான். நாங்கள் உள்ளே ஓடத் தொடங்கும் முதல் நாள் ரோதைமுனிக்குக் கற்பூரம். வெளியே ஓடத் தொடங்கும் முதல் நாள், ரோட்டு வளைவில் டர்பன்டைன் மரத்தடியில் இருக்கிற முனிக்குக் கற்பூரம். ஏற்றுவது எப்போதும் அவன்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையில்லாமல் நிற்பேன். தோட்டத்தில் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் என் பொய் ஒரு கேள்வியும் இல்லாமல் செல்லுபடியானதற்கு இதுதான் காரணம்.

தை மாத நடுவில் வானம் திறந்தது. காலையில் புல்லில் வெள்ளைப் பனி, எட்டரை மணிக்கு நல்ல வெயில். மாதக் கடைசியில் ஒரு நாள் காலை நான் தடித்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். அவன் மெல்லிய சப்பாத்தோடு வந்து நின்றான்.

"இன்னும் பத்து நாளைக்கு உள்ளயே ஓடுவோங்க மச்சான்" என்றான். "முனி மரத்துல குளவி கட்டியிருக்கு. மொறம் அகலத்துக்குத் தொங்குது. கொழுந்து எடுக்குறவங்களயே கங்காணி அந்தப் பக்கம் விடுறதில்ல. கலைக்க ஆள் வருதாம்."

"குளவி அதோட வேலயப் பாக்கும். நாம நம்ம வேலயப் பாப்போம்."

"வேணாங்க."

உள்ளேயிருந்து என் மனைவி, "பத்து நாள்ல என்னா கெட்டுப்போகுது? அவன் சொல்றதையும் ஒரு நாளு கேளுங்களேன்" என்றாள்.

"ஒன் தம்பிக்கு ஒரு சேலயக் கட்டி அனுப்பு" என்றேன்.

அவன் உடைந்த பல் தெரியச் சிரித்தான். சப்பாத்தை மாற்றினான். ஃபெக்டரியில் குளிர்காலத்துக்குக் கொடுத்திருந்த தடித்த கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டான். வியர்க்கும்வரை அதைப் போட்டுக்கொண்டு ஓடுவது அவன் வழக்கம். கற்பூரத்தையும் நெருப்புப் பெட்டியையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

வளைவுக்கு ஐம்பது யார் தூரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டான். "இங்கருந்தே கும்புட்டுட்டுத் திரும்பிருவோங்க. இன்னிக்கு ஏத்த வேணாம். குளவிக்குப் பொக ஆகாது."

"நீ பயப்படுறது குளவிக்கா, முனிக்கா?"

"ரெண்டுக்குந்தாங்க."

நான் அவன் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். இத்தனை வருடத்தில் அவன் என்னைத் தடுத்துப் பிடித்தது அதுதான் முதல் தடவை. மற்றக் கையால் கன்னத்தில் அறைந்தேன். பிடி விட்டுப்போயிற்று. கற்பூரத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். எனக்குச் சாமியில் நம்பிக்கை கிடையாது. ஏற்ற வேண்டிய தேவை ஒன்றும் இருக்கவில்லை. நான் பயப்படவில்லை என்று அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வார வெயிலில் டர்பன்டைன் இலைகள் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தன. எண்ணெய் ஊறிய இலைகள். கற்பூரத்தைக் கல்லில் வைத்து நெருப்புக் குச்சியைக் கிழித்து, எரிந்த குச்சியைக் கீழே போட்டேன். தீ இலையில் ஏறியது. ஆள் உயரத்துக்கு மஞ்சள் புகை எழும்பி நேராக மேலே போனது. நான் அண்ணாந்து பார்த்தேன். கூடு கறுப்பாக, ஈரம்போல மினுங்கிக்கொண்டு இருந்தது. பிறகு அந்த மினுக்கம் மொத்தமாகக் கழன்றது.

அவன் ஓடித் தப்பியிருக்கலாம். ஐம்பது யார் தூரம் தள்ளி நின்றவன். என்னை நோக்கி ஓடி வந்தான். காலால் தீயை மிதித்தபடியே கத்தினான். "படுங்க மச்சான்! ஓடாதீங்க! மூஞ்ச மூடிட்டுப் படுங்க!"

தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. குளவி வந்தால் ஓடக்கூடாது. குப்புற விழுந்து, இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். அவன் ரோட்டோரத்தில் விழுந்து கோட்டின் பின்பக்கத்தைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தான்.

"உள்ள வாங்க" என்றான்.

நான் போனேன். அதற்குள் என் கழுத்திலும் உச்சந்தலையிலும் கொட்டியிருந்தது. ஒவ்வொன்றும் பழுக்கக் காய்ச்சிய ஆணி. இரண்டு கிழவர்களுக்கு அந்தக் கோட்டுப் போதவில்லை. என் முதுகு வெளியே கிடந்தது. நான் இழுத்தேன். அவன் கை கோட்டுக்குள் இருந்தது. மறுபடி இழுத்தேன். வரவில்லை. அவனுடைய முதுகில் முழங்காலை ஊன்றினேன். முழங்கையால் அவன் முகத்தில் இடித்தேன், இரண்டு தடவை, பல் உடைந்த அதே பக்கத்தில். "மச்சான், மச்சான்" என்றான். தோள் தையல் கிழிகிற சத்தம் கேட்டது. கோட்டு என் கைக்கு வந்தது. அதைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வளைவைத் தாண்டி, சரிவில் இறங்கி, ரோட்டுக்கு அடியில் குழாய்போல ஓடை போகிற போக்கு வரைக்கும் நானூறு மீட்டருக்குக் குறையாது. அறுபத்தெட்டு வயதில் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் ஓடியதில்லை. போக்குக்குள் புகுந்து, தண்ணீரில் படுத்து, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டேன். அங்கேயிருந்தும் அவனுடைய சத்தம் கேட்டது. முதலில் என்னைக் கூப்பிட்டான். பிறகு அக்காவைக் கூப்பிட்டான். பிறகு வார்த்தை இல்லை.

மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் புகையைப் பார்த்துவிட்டு, படங்கால் தலையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார்கள். வளைவு மறைத்ததால் எங்களை அவர்கள் பார்த்திருக்கவில்லை. அவனை இழுத்து வெளியே போட்டார்கள். இரண்டு பேருக்குக் கொட்டியது. அதில் ஒருத்தி, என் பாடசாலையில் படித்தவள், வீங்கிய கண்ணோடு போக்கு வாயில் குனிந்து கேட்டாள்.

"யாரு சார் நெருப்பு வச்சது?"

"அவன்தான்" என்றேன். "கற்பூரம் ஏத்தினான். நான் வேணாம்னு சொன்னேன்."

"கோட்டு?"

"அவனே கழத்தி என் மேல போட்டான்."

நான் யோசித்துச் சொல்லவில்லை. கால் ஓடியதுபோல வாயும் ஓடியது.

ஆஸ்பத்திரியில் அவன் மறுநாள் மதியம்வரை உயிரோடு இருந்தான். முகம் முகமாக இல்லை. கண்கள் மூடிப்போய், உதடு தடித்து, பேச முடியவில்லை. என் மனைவி ஒரு பக்கம் நின்று அவன் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் தலைமாட்டில் நின்றேன். அவன் பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. வாயைத் திறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த எல்லாவற்றிலும் இதைத்தான் எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

சாவு வீட்டில் இரண்டு பேச்சுகள் ஓடின. கூடு இருக்கிற மரத்தடியில் போய்க் கற்பூரம் ஏற்றிய மடையன் என்பது ஒன்று. அக்கா புருஷனுக்குக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உயிரை விட்ட உத்தமன் என்பது மற்றது. இரண்டுமே நான் சொன்னவை. காலையில் குளவி என்று தடுத்தவன் ஏன் ஏற்றினான் என்று கேட்ட என் மனைவியிடம், முனிக்கு அதைவிடப் பயந்தான் என்றேன்; அவள் இரண்டையும் நம்பினாள். சமைக்கும்போது, "புத்தி கெட்ட பய, எத்தன தடவ சொல்லியிருப்பேன் அந்தச் சாமியக் கட்டிக்கிட்டு அழுவாதேன்னு" என்று திட்டுவாள். கொஞ்ச நேரம் கழித்து, கதவில் தொங்கிய கோட்டைத் தொட்டுவிட்டுப் போவாள். ஆஸ்பத்திரியில் என்மேல் இருந்து கழற்றியதை அவள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துத் தைத்து மாட்டியிருந்தாள்.

சாவி என் கைக்கு வந்தது. நான் வெளியே ஓடுவதை நிறுத்தினேன். வெயிலோ மழையோ, எல்லா நாளும் மேல்மாடிக்குள்தான். மச்சான்மேல் எனக்கு அவ்வளவு பாசம், அந்த ரோட்டை மிதிக்க மனம் வரவில்லை என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். தூணில் அவனுடைய ரத்தம் காய்ந்து பழுப்பாக இருந்தது. எண்பத்து நான்கு எட்டுக்கு ஒரு தடவை அதைத் தாண்டினேன். அதையும் ஒரு தண்டனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது.

இந்த வைகாசியில் முதல் மழை இறங்கிய அன்று மத்தியானம், கோட்டில் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க அவள் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அடுப்பங்கரையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னு கேக்கணுங்க" என்றாள். "அவனே கழத்தி உங்க மேல போட்டான்னுதானே சொன்னீங்க?"

"ம்."

"கழத்திக் குடுத்த கோட்டு தோள்ல எப்பிடிக் கிழியும்? துவச்ச அன்னிக்கே பாத்தேன். செடியில மாட்டிக் கிழிஞ்ச கிழிசல் இல்ல இது. கை உள்ள இருக்கும்போது யாராச்சும் புடிச்சு இழுத்தாத்தான் தையல் இப்பிடிப் பிரியும். ரெண்டு வருசமா வேற ஏதாச்சும் காரணம் கெடைக்குமான்னு பாத்துட்டேன். கெடைக்கல."

என்னிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. ஓடும்போது கம்பிவேலியில் மாட்டியது என்பது. இரண்டு வருடமாக அதை வைத்திருந்தேன். அவள் கிழிசலைத் தைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பல், அறை, நெருப்பு, முழங்கை, வேண்டுதல். ஒன்றையும் விடவில்லை.

அவள் அழவில்லை. எழுந்து போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சப்பாத்தை எடுத்து வந்தாள். தடித்த அடியுள்ள சப்பாத்து. முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவது வாயில்.

"உள்ள வாங்கன்னானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

அடித்தாள். "உள்ள வாங்கன்னு சொன்னானா?"

"சொன்னான்."

அவளுக்கு மூச்சு முட்டும்வரை அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கி அடித்தாள். நான் கையைத் தூக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் என்னை நீங்க என்று பேசியவள், சப்பாத்தைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "செத்தவன முட்டாப்பயன்னு என் வாயாலயே திட்ட வச்சுட்டியே. நீ மனுசனா?"

அன்றிலிருந்து நீதான்.

மெல்லிய அடியுள்ள சோடியை எடுத்து அடுப்பில் போட்டாள். ரப்பர் எரிகிற கரும்புகை வீடு முழுக்க நிறைந்தது. நான் இருமினேன். அவள் இருமாமல் நின்று பார்த்தாள். பிறகு என் முன்னால் கையை நீட்டினாள். ஃபெக்டரிச் சாவியைக் கொடுத்தேன்.

"நாளைக்குப் பெரட்டுல போயி சொல்லு. அதுக்கப்புறம் ஓடுறதுன்னா வெளிய ஓடு. மழன்னாலும் வெளிய ஓடு. எல்லாரும் பாக்கட்டும்."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். கங்காணி பேர் வாசித்து முடித்த பிறகு, ஒரு நிமிஷம் தரச் சொல்லிக் கேட்டேன். பாடசாலைக் கூட்டத்தில் பேசுவதுபோல என் குரல் தானாக உயர்ந்தது. அதைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். முடித்ததும், அன்றைக்குப் போக்கு வாயில் குனிந்து கேட்டவள் முன்னால் வந்தாள்.

"அன்னிக்கே கேட்டேன்ல சார்" என்றாள். என் காலடியில் துப்பிவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ எறிந்த மண்கட்டி என் நெற்றியில் உடைந்தது. யார் என்று தேடிப் பார்க்கவில்லை.

பொலிசுக்கும் போனேன். சிங்களத்தில் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். கூப்பிடும்போது வரச் சொன்னார்கள். அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. எப்படி முடிந்தாலும் சரி.

இப்போது ஆடி. காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்குகிறது. மழை குறுக்கே அடிக்கிறது. எல்லோரும் ஒதுங்குகிற இந்தக் காலத்தில் நான் தினமும் காலையில் தடித்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்குகிறேன். அவள் தம்பியின் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். நான் வளைவில் திரும்பும்வரை உள்ளே போகமாட்டாள். மரத்தில் கூடு இல்லை. எரிந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. அவன் விழுந்து கிடந்த ரோட்டோரத்தை மிதிக்காமல் போக முடியாது, ரோடு அவ்வளவு ஒடுக்கம். கணுக்காலில் அட்டை தொங்க, மூச்சு வாங்க, மெதுவாகத்தான் ஓடுகிறேன். அன்று ஓடியதுபோல இப்போது ஓட வரவில்லை.

மேல் மலையில் பெண்கள் படங்கைச் சுற்றிக்கொண்டு மழையில் கொழுந்து பறிக்கிறார்கள். நான் கீழே கடக்கும்போது யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள்.

"என்னா சார், குளிருதா? கோட்டு வேணுமா?"

மற்றவர்கள் சிரிப்பார்கள். சில நாள் சிரிக்கமாட்டார்கள்.

"வேணாம்மா" என்று சொல்லிவிட்டு ஓடுகிறேன்.